இருபதாயிரம் ரூபாய்க்குச் சாப்பாட்டுக் கூப்பன்

2007ஆம் வருஷம் ரோஸ்லின் தன் கேமராவை இணைய ஏலத்தில் போட்டாள். பதினெட்டாயிரத்துக்கு ஏலம் எடுத்தவன் சந்தீப், உருதுப் பேச்சு மிகுந்த மௌலா அலியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். கையில் காசில்லை, ஆபீஸில் கொடுத்த சாப்பாட்டுக் கூப்பன் இருபதாயிரத்துக்கு இருக்கிறது, சம்மதமா என்று மின்னஞ்சலில் கேட்டான். சூப்பர்மார்க்கெட்டில் செல்லுகிற கூப்பன்தானே, ஐந்தாறு மாத மளிகைக்கு ஆயிற்று என்று ரோஸ்லின் ஒப்புக்கொண்டாள். சனத்நகர் பஸ் ஸ்டாப்பில் கூப்பன் கட்டுகளை வாங்கிக்கொண்டு கேமராவைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை, வண்டி நிறையச் சாமானோடு நின்றவளிடம் பில் போடுகிற பெண் கூப்பன்களைத் திருப்பி நீட்டினாள். மேலே இருந்த இரண்டு புத்தகம் தவிர மற்றதெல்லாம் போன மாதமே காலாவதி. வரிசையே பார்த்துக்கொண்டிருக்க, ரோஸ்லின் ஒவ்வொரு பொருளாக எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

தங்கள் வழியாகப் பணம் கட்டாத விற்பனைக்குப் பொறுப்பில்லை என்று ஏல நிறுவனம் கைகழுவியது. சந்தீப் போனை எடுக்கவில்லை. ஏலப் பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே, 'ஏமாற்றுக்காரி, இவளிடம் வாங்காதீர்கள்' என்று எழுதி வைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் இருதயராஜ் பூசைக்குப் போனதும், ஏலத் தளத்தில் இருந்த முகவரியோடு அவள் பஸ் ஏறினாள்.

சந்தீப்தான் கதவைத் திறந்தான். "கைக்கு, எதுக்கு இங்க வந்தீங்க? பார்த்துத்தானே வாங்கினீங்க?"

"தேதி போனதத் தந்துட்டுப் பேச்சப் பாரு. கேமராவ எடு."

"கலாட்டா நக்கோ மேடம், வேணாம். போங்க."

கேமரா மேசைமேல் கிடந்தது. ரோஸ்லின் அவனை இடித்துக்கொண்டு உள்ளே போய் எடுத்தாள். அவன் ஒரு கையால் வாரை இழுத்தான், மறு கையால் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கண் இருட்டிக்கொண்டு வர, வலது கையிலிருந்த கேமராவை அவன் வாய்மேல் ஓங்கி இறக்கினாள். பல் ஒன்று தரையில் தெறித்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு மடங்கினான். அவள் காதில் அடித்தாள், பிடரியில் மூன்று முறை அடித்தாள். லென்ஸ் உடைந்து கண்ணாடிச் சில்லு அவள் உள்ளங்கையைக் கிழித்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்து இழுத்தபோதும் கால் எட்டியமட்டும் உதைத்தாள்.

அவனுக்குப் பதினோரு தையல், அவளுக்கு மாவுக்கட்டு. ஸ்டேஷனில் எஸ்.ஐ. இரண்டு கதையையும் கேட்டுவிட்டு, "சாப்பாட்டுக் கூப்பனுக்கா இவ்வளவும்?" என்றார். இருவர்மேலும் கேஸ் வரும் என்று அவர் சொன்னதும் ஆளுக்கொரு சமாதானக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். உடைந்த கேமராவை யாரும் கேட்கவில்லை.

தகவல் கேட்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்த இருதயராஜ், திரும்பி வரும்போது ஆட்டோவில், "அவன் கைய விடல, அதான் அடிச்ச. அப்படித்தான?" என்றான்.

"ஆமா."

முதல் அடியிலேயே அவன் கையை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு நான்கு முறை அடித்தாள், ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது.