ஓட்டையில்லாத வீடு

காஞ்சிபுரத்தின் கட்டடக்கலை வரலாற்றை மூன்றே வரியில் சொல்லிவிடலாம். பல்லவர்கள் மணற்கல்லில் கட்டினார்கள். சோழர்கள் கருங்கல்லில் கட்டினார்கள். விமல்ராஜ் நுரையில் கட்டினான்.

மூன்றாவது வரியைச் சேர்த்தவன் விமல்ராஜேதான். புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மூன்று வரியையும் அச்சடித்துக் கொடுத்தான். பத்திரிகையைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை.

ஒரகடம் பக்கம் குளிர்கிடங்குகளுக்குச் சுவர்ப்பலகை செய்யும் ஒரு கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. இரண்டு பக்கம் தகடு, நடுவே ஆறு அங்குலத்துக்குக் கெட்டி நுரை. ஆப்பிளையும் ஐஸ்கிரீமையும் வெயிலிலிருந்து காப்பாற்றும் சுவர் மனுஷனைக் காப்பாற்றாதா என்று ஒருநாள் கேட்டுக்கொண்டான். பதில் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லாததால் காப்பாற்றும் என்று முடிவு செய்துவிட்டான். சின்ன காஞ்சிபுரத்தில் அப்பா முனிசாமியின் பெயரில் இருந்த மனையில் தளம் போட்டுவிட்டு, லாரியில் வந்த பலகைகளை ஒன்றோடொன்று கோத்து, இடுக்கெல்லாம் பசை அடைத்து, பதினோரு நாளில் வீட்டை நிறுத்தினான். ஏசி வேண்டாம், கரண்ட் பில் பாதி, எறும்பு நுழையக்கூட ஓட்டை கிடையாது. இந்த மூன்றையும் பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் அவன் சொல்லாத ஆள் இல்லை.

ஒரு செங்கல்கூட வைக்காமல் எழும்பிய வீட்டைப் பார்த்து மனம் நொந்தவர் எதிர்வீட்டுக் கொத்தனார் சத்யராஜ். கல்யாண மேடையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வெட்டி ஒட்டுகிறார்களே, அந்தச் சாமானில் மனுஷன் குடியிருப்பானா என்று டீக்கடையில் கேட்டார். அன்றிலிருந்து அது தெர்மாக்கோல் வீடு. ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆள் இறக்கினார்கள்.

கம்பெனியில் அவனுக்கு மேலே இருந்த இளங்கோவன் மட்டும், இவ்வளவு இறுக்கமாக அடைத்த வீட்டுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற விசிறி ஒன்று அவசியம் என்றார். வைக்கிறேன் சார் என்றான் விமல்ராஜ். விசிறிக்குச் சுவரில் ஆறு அங்குல ஓட்டை போட வேண்டும் என்றும் அவர் சொன்னார். அவன் பேச்சைக் கரண்ட் பில்லுக்கு மாற்றினான்.

வீடு முடிந்தது. கல்யாணம் முடியவில்லை. முப்பத்து மூன்று வயதுக்குள் மூன்று சம்பந்தம் கைநழுவியிருந்தது. நாலாவதாக மாகறலிலிருந்து ஜெயப்ரியா ஜாதகம் வந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதுவும் போனால் இனிமேல் பெண் தேடப் போவதில்லை, நீயும் உன் சுவரும் குடித்தனம் நடத்துங்கள் என்று அம்மா பூவம்மாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

பெண் பார்க்கப் போன இடத்தில் இருவரையும் மாடியில் பத்து நிமிஷம் பேசவிட்டார்கள். பத்து நிமிஷமும் விமல்ராஜ் சுவரைப் பற்றியே பேசினான். கடைசியில் ஜெயப்ரியா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காத்து எப்படி உள்ள வரும்?"

"வராதுங்க. அதான் அதோட ஸ்பெஷலே."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமா கைலாசம் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றாள்.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும்போது வரவேண்டும் என்று விமல்ராஜ்தான் அடம்பிடித்தான். மதியம் சாப்பாடு, மூன்றேகாலிலிருந்து நாலேகாலுக்குள் தட்டு மாற்றுவது, நாலரைக்கு ராகுகாலம். தட்டு மாற்றுவதை மாகறலில் இருந்தபடியே ஜெயப்ரியா வீடியோ காலில் பார்ப்பதாக ஏற்பாடு.

பெண் வீட்டிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். முன்னாள் ஊராட்சித் துணைத்தலைவர் கைலாசம் வெள்ளை வேட்டி சரசரக்க நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரைத் தட்டினார். பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி நாலு இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"இன்னாபா மாப்ள, டொக்கு டொக்குனு சத்தம் வருது. சாவு வீட்டுக்கு வாடகைக்குக் கொண்டாந்து வெக்கிறானே ஒரு பொட்டி, அந்தச் சாமான்தான இது?"

அவர் மனைவி அவர் இடுப்பில் கிள்ளினாள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா என்று அதற்கு அர்த்தம். அதே தொழில்நுட்பம்தான் என்று ஒப்புக்கொள்ள விமல்ராஜ் வாயைத் திறப்பதற்குள் பூவம்மாள் எல்லாரையும் இலைக்கு இழுத்துப் போனாள்.

வெளியே நாற்பத்தொன்று, உள்ளே இருபத்தொன்பது என்று சுவரில் சிவப்பு எண்கள் எரிந்தன. கைலாசம் வெற்றிலை துப்ப வெளியே போய்வந்த ஒவ்வொரு தடவையும் விமல்ராஜ் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். நாலாவது தடவை அவர் நின்று, பெண் கேட்டது மாப்பிள்ளைக்கா வாட்ச்மேனுக்கா என்று விசாரித்தார். பின்கதவையும் சன்னல்களையும் விமல்ராஜ் காலையிலேயே அடைத்திருந்தான்.

சாம்பார், வடை, இரண்டு பாயசம் முடிந்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்தபோது மணி ஒன்றே முக்கால். மூலையில் இருந்த பெரிய அட்டைப்பெட்டியின்மேல் பூவம்மாள் பட்டுத் துண்டு விரித்து, பூ, பழம், வெற்றிலை பாக்கோடு தட்டைத் தயாராக வைத்திருந்தாள். நல்ல நேரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். இதற்காகவே விமல்ராஜ் டிவியில் அறுபத்திரண்டு படம் தயாரித்து வைத்திருந்தான்.

முதல் பத்துப் படம் வரைக்கும் கேள்வி வந்தது. அடுத்த பத்தில் கேள்வி நின்றது. இருபதுக்கு மேல் எல்லாரும் தலையாட்ட ஆரம்பித்தார்கள். வாழ்நாளில் இத்தனை பேர் அவன் பேச்சுக்கு ஒரே நேரத்தில் தலையாட்டியதில்லை. முனிசாமியின் தலை மார்பில் சாய்ந்தபோது, அப்பா தன்னை நினைத்து உருகுகிறார் என்றே எடுத்துக்கொண்டான். கைலாசம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கச்சேரி கேட்கிறவர்கள் அப்படித்தானே கேட்பார்கள். அவனுக்கும் லேசாகத் தலை கனத்தது. இரண்டாவது பாயசத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, முப்பத்தோராவது படத்தை மட்டும் உட்கார்ந்தபடி விளக்கலாம் என்று சோபாவில் சாய்ந்தான்.

மாகறலில் ஜெயப்ரியா மூன்றேகாலுக்குப் பட்டுப்புடவை கட்டி, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அழைப்பு வரவில்லை. இவளே அழைத்தாள். மாமா தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். அத்தையும், சித்தப்பாவும், மாப்பிள்ளையும் அப்படியே. இரண்டு பக்கமும் தகடு வைத்த சுவர் வெயிலைத் தடுப்பது போலவே டவரையும் தடுக்கும் என்பது அறுபத்திரண்டு படத்தில் ஒன்றிலும் இல்லை. நாலு மணிக்கு அவள் பயந்துவிட்டாள். கட்டிய புடவையோடு ஸ்கூட்டியை எடுத்தாள். அய்யங்கார்குளம் தாண்டும்போது ராகுகாலம் பிறந்தது.

தெர்மாக்கோல் வீடு எது என்று கேட்டதும் சத்யராஜ் கையைக் காட்டினார். ஜெயப்ரியா கதவைத் தள்ளினாள்.

பதினேழு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சோபாவில், நாற்காலியில், பாயில், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து. கைலாசத்தின் வாய் திறந்திருந்தது. எதிரே டிவியில் முப்பத்தோராவது படம் அப்படியே நின்றது: 'காற்று புகாமை: நம் வீட்டின் பெருமை'.

அவள் முதலில் மாமாவின் நாடியைப் பார்த்தாள். அப்புறம் சன்னல்களைத் திறந்தாள். முன்கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. திறந்தே நிற்க ஏதாவது கனமாக முட்டுக்கொடுக்க வேண்டும். தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பட்டுத் துண்டை உருவிவிட்டு, அட்டைப்பெட்டியை வாசலுக்கு இழுத்தாள். வெயில் விமல்ராஜின் முகத்தில் அடித்தது.

"கதவ சாத்துங்க. சூடு உள்ள வருது" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். எல்லாருக்கும் தலைவலி. கைலாசம் மணியைப் பார்த்தார், ஐந்து. தட்டைப் பார்த்தார், தரையில். கல்யாணப்பெண் ராகுகாலத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்பதையும் பார்த்தார்.

"இப்டி ஒரு தூக்கம் நா எலக்‌ஷன்ல தோத்தப்பகூடத் தூங்கல" என்றார். "வீடு ஃபர்ஸ்ட் கிளாஸ்மா."

"தூக்கம் இல்ல மாமா. மயக்கம். உள்ள இருந்த காத்தையே எல்லாரும் மாத்தி மாத்தி வுட்டுக்கினு இருந்திருக்கீங்க."

சொல்லிவிட்டு அவள் பெட்டியின் அச்சடித்த பக்கத்தைப் படித்தாள். பிறகு அந்தப் பக்கம் விமல்ராஜுக்குத் தெரிகிற மாதிரி காலால் மெதுவாகத் திருப்பி வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"நா அன்னிக்கே கேட்டேன்ல" என்றாள்.

"கேட்டீங்க."

"ஓட்டை போடுவீங்களா?"

விமல்ராஜ் சுவரை இன்னொரு தடவை பார்த்தான். எறும்புகூட நுழையாத சுவர். "போட்றேங்க" என்றான். பெண் சம்மதித்தது அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. ஆறு மணி தாண்டும் வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்பது டிகிரியில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்து, தட்டு மாற்றினார்கள். மறுநாள் சத்யராஜ் வந்து ஓட்டை போட்டார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கதையை இப்போது விமல்ராஜே சொல்லிச் சிரிக்கிறான். தலையாட்டலைச் சொல்கிறான், கதவைச் சாத்தச் சொன்னதைச் சொல்கிறான், தன் குறட்டையைக்கூட நடித்துக் காட்டுகிறான். விசிறி வர லேட்டாகிவிட்டது, அதனால் வந்த வினை என்று முடிக்கிறான்.

அன்றைக்கு விசிறி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தட்டு அதன்மேல்தான் இருந்தது.