இடதுபக்கக் கதவு

ஊழியர் சலுகைப் பிரிவின் கதவைத் திறந்ததுமே காதுக்குத் தெரிந்துவிட்டது, மேல் கீல் தேய்ந்திருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருந்த மேடத்திடம் அதைச் சொல்லவும் செய்தார். மேடம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க வண்டி இன்னும் வரலை சார்," என்றார். அவரவர் தொழிலை ஒழுங்காகச் செய்துவிட்ட திருப்தி இருவருக்கும் இருந்தது.

"சலுகைன்னு போட்டிருக்கீங்களே மேடம்," என்றார் காது, கடைசியில்.

"விலையிலதான் சார் சலுகை. வரிசையில இல்லை. வெளியாளுங்க எல்லாருக்கும் கொடுத்து முடிச்ச பிறகுதான் நமக்கு."

காது என்பது அவருடைய பெயரில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. அந்தக் கார் தொழிற்சாலையில் லைனின் கடைசியில் நின்றுகொண்டு, நகர்ந்து வருகிற ஒவ்வொரு வண்டியின் கதவையும் திறந்து சாத்தி, அந்தச் சத்தத்தைக் கேட்பது அவர் வேலை. சத்தம் சரியாக இருந்தால் கண்ணாடியில் பச்சைச் சீட்டு. இல்லையென்றால் சிவப்பு, வண்டி நேராக ரிப்பேர் ஷெட்டுக்குப் போய்விடும். இதற்கென்று கம்பெனி ஒரு கருவியும் வாங்கியிருந்தது. கருவிக்கும் காதுக்கும் ஒருநாள் கருத்து வேறுபாடு வந்து, கதவைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு ஸ்க்ரூ கழன்று கிடந்தது. அன்றிலிருந்து கருவியின் மேல் சாப்பாட்டு டப்பாக்களை வைக்கிறார்கள். அதற்கு அது நல்ல வசதி.

குடியிருப்பிலும் அவர் காது சும்மா இருப்பதில்லை. மேல்வீட்டுக் கதவு சாத்தப்படுகிற விதத்தை வைத்து இன்றைய சண்டையில் தப்பு யார் பேரில் என்று சொல்லிவிடுவார். கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ் மூடும்போதே அவர்களுக்குப் பால் தீர்ந்துவிட்டது தெரிந்துவிடும். இதில் பாதியை நம்பினால் போதும். மீதிப் பாதியை அவர் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கல்யாணமே ஒரு கதவால் நடந்ததுதான். வாலிபத்தில் யாருடனோ ஏதோ வேலையாக ஒரு வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு அக்காவும் தங்கையும் உள்ளே பெரிய சண்டை. தங்கை விருட்டென்று அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சாத்தினாளே தவிர, கடைசி விரல்கடைத் தூரத்தில் கையைத் தளர்த்திவிட்டாள். இத்தனை கோபத்திலும் கதவுக்கு வலிக்கக் கூடாது என்று நினைக்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் பயமில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். முகத்தை அப்புறம்தான் பார்த்தார். அதுவும் நன்றாகவே இருந்தது.

அக்காவின் வாய் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. இவர்கள் பஸ்ஸில் போய் இறங்கும்போதெல்லாம் வாசலில் நின்றுகொண்டு, "கார் கம்பெனிக்காரங்க வர்றாங்க, தெருவுல வழி விடுங்கப்பா, வண்டி திரும்பறதுக்கு இடம் வேணும்," என்பாள். அக்கம்பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் சிரிப்பார்கள். இவர் மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வருவாள்.

அவளுக்கு நெஞ்சில் நீர் கோக்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் எடுப்பதும் மறுபடி கோப்பதுமாக ஆன பிறகுதான் காது காருக்குப் பதிவு செய்தார். புது மாடல். அதற்காக ஊரே அலைந்துகொண்டிருந்தது. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த ஒருவருக்கு வண்டி வருவதற்குள் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகிவிட்டதாகச் சொல்வார்கள். மழைக்கு முந்தின வானத்தின் நிறம்தான் வேண்டும் என்றாள் மனைவி. அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்திருந்த பெயரை ஒருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

"நான் ஒண்ணும் ஊர் சுத்தப் போறதில்லைங்க," என்றாள். "அக்கா வீட்டு வாசல்ல நிறுத்தணும். நான் இறங்கி, கதவைச் சாத்தணும். அடுப்படியில நிக்கிறவளுக்கு அது கேக்கணும். அவ்வளவுதான். அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"அதுக்கு இப்பவே ஒரு வாடகை வண்டி வெச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துடலாமே?"

"வாடகை வண்டிக் கதவை நான் எதுக்குங்க சாத்தணும்? டிரைவர் சாத்திட்டுப் போறான்."

டாக்டர் நல்ல மனிதர். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "உட்கார முடியற வரைக்கும் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க," என்றார். எவ்வளவு காலத்துக்கு உட்கார முடியும் என்று காது கேட்கவில்லை. டாக்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்ட விதத்திலேயே அது தெரிந்துவிட்டது.

வண்டி வரவில்லை. முதலில் ஏதோ மின்னணுச் சில்லு இல்லை என்றார்கள். அப்புறம் உட்காருகிற சீட்டு இல்லை. அப்புறம் எல்லாம் இருந்தது, அந்த நிறம் இல்லை. பகல் முழுக்க அதே மாடல் வண்டிகளின் கதவுகளைச் சாத்திச் சாத்தி ஊராருக்கு அனுப்பிவிட்டு, மாலையில் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார் காது. தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்திருப்பவள், "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பாள்.

"சீட்டு கப்பல்ல வருதும்மா. நடுக்கடல்ல திமிங்கிலம் ஒண்ணு குறுக்க படுத்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குதாம். ஹாரன் அடிச்சுப் பாத்தாங்களாம். அது புரண்டு படுத்துச்சாம், அவ்வளவுதான்."

அவள் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் அடங்க நேரமாகும். ஆகவே கதைகளில் சிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. திமிங்கிலம் சிறுத்துச் சிறுத்து வெறும் மீனாயிற்று. பிறகு கடலும் வற்றி, "இன்னும் வரலைம்மா," என்பது மட்டும் மிஞ்சியது.

ஒருநாள் முற்பகல், லைன் முழுக்க ஒரு விசில் ஓடியது. காதின் வண்டி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இன்ன வண்டி இன்னாருக்கு என்று தொழிலாளிகளுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. சமையல்காரர் முதல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சக்கரம் மாட்டுகிறவன் நட்டுகளை இரண்டு தடவை முறுக்கினான். கண்ணாடி பொருத்துகிறவள் தன் கைக்குட்டையால் துடைத்து அனுப்பினாள். வண்டி ஆடி அசைந்து, மழைக்கு முந்தின வானத்தைப் போலவே, கடைசியில் காதின் முன்னால் வந்து நின்றது.

வலதுபக்கக் கதவுகள் இரண்டும் சரி. இடதுபக்கம் பின்கதவும் சரி. அவள் உட்காரப் போகிற பக்கத்து முன்கதவைத் திறந்தார். சாத்தினார்.

தொப்.

மறுபடி சாத்தினார். தலையணைக்கு அடியிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. லைனில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கதவுகளுக்குள் சத்தம் அடக்குகிற பஞ்சு விரிப்பை ஒட்டுகிறவன், மலை மாதிரி உடம்பு, பெயரும் பஞ்சுதான், தன் இடத்தை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, பச்சையை ஒட்டுண்ணே."

"ஏதோ அடைச்ச மாதிரி இருக்குடா."

"அடைச்சா என்னண்ணே? அண்ணிக்கு அமைதியா இருக்கும்ல?"

"டேய், இந்த ஒரு கதவுக்காகத்தாண்டா அவ உட்கார்ந்துக்கிட்டிருக்கா. ஊருக்கெல்லாம் நல்ல கதவா பாத்துப் பாத்து அனுப்பிட்டு, அவளுக்கு இதையா கொடுக்கிறது?"

பஞ்சு வாயைத் திறந்தான். சூப்பர்வைசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். பஞ்சு வாயை மூடிக்கொண்டான். காது சிவப்புச் சீட்டை எடுத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் விரலால் நீவி, தன் வண்டியின் கண்ணாடியில் ஒட்டினார். எப்போதும் போல நேராகத்தான் ஒட்டினார். ஷெட்டில் சட்டென்று சரிசெய்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தார்.

ஷெட்டில் கதவைப் பிரித்தார்கள். ஒரு விரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு இருந்தன. உரித்துப் போட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் வரைபடத்தில் இல்லாத பொருள் உள்ளே இருந்த கதவை வண்டியில் விடக் கூடாது, புதுக் கதவுதான் மாட்ட வேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதி இருந்தது. புதுக் கதவு இருந்தது. அந்த நிறத்தில் இல்லை. அந்த நிறத்தில் அடிக்கிறதெல்லாம் வெளியாட்களின் வண்டிகளுக்கு. இடதுபக்கக் கதவில்லாமல், மூளியாக, அந்த வண்டி ஷெட்டின் மூலையில் உட்கார்ந்துகொண்டது.

எப்படி நான்கு வந்தது என்று ஷெட்டுக்காரர் கேட்டார். "வெயிலுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்," என்றார் காது. பஞ்சு விரிப்பு அப்படி ஒட்டாது என்பது ஷெட்டுக்காரருக்கும் தெரியும். அவர் எழுதிக்கொண்டார்.

மதியம் கேண்டீனில் பஞ்சு எதிரில் வந்து உட்கார்ந்தான். தட்டில் கை வைக்கவில்லை.

"ரோட்டுச் சத்தம் பட்டாலே அண்ணி தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கிறாங்கன்னு நீங்கதாண்ணே சொன்னீங்க. அதான்... அவங்க பக்கம் மட்டும் கொஞ்சம்..."

காது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார், "நாலாடா ஒட்டினே?"

"நாலுண்ணே."

"சத்தத்தை வெச்சு நான் மூணுதான்னு நினைச்சேன்," என்றார். தனக்கு வயதாகிறது என்று அன்றுதான் அவருக்குப் பட்டது. "சாப்பிடுடா. ஆறுது பாரு."

வீட்டில் அவளிடம் மறைக்காமல் சொன்னார். இந்த முறை திமிங்கிலம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வண்டி வந்தது, பஞ்சு அடைத்தது, தான் சிவப்பு ஒட்டியது எல்லாவற்றையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு சத்தம்?"

அவர் உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, அதைப் போலவே செய்து காட்டினார். "தொப்."

அவள் சிரித்தாள். இருமல் வரவில்லை. இருமுவதற்குக்கூட உள்ளே ஏதோ பலம் வேண்டும் போலிருக்கிறது.

"இன்னொரு தடவை."

"தொப்."

"நல்லாத்தானேங்க இருக்கு," என்றாள். "பாவம், மெனக்கெட்டு ஒட்டியிருக்கான். அதையே எடுத்துட்டு வந்திருக்கலாமே. எனக்கு அதுவே போதுமே."

அவர் மறுநாளே மேடத்திடம் போய் நின்றார். பழைய கதவையே மாட்டிக் கொடுத்துவிடுங்கள், எழுதிக் கொடுக்கிறேன், புகார் சொல்ல மாட்டேன் என்றார். அப்போதுதான் மேடம் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கதவை நசுக்கிப் போட்டாச்சு சார்," என்றார். வெளியே வரும்போது மேல் கீல் முனகியது. காது அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் இருந்த தலையணைகள் போதாமல் போயின. பிறகு எத்தனை தலையணை வைத்தாலும் அவள் சரிந்தாள். பிறகு தலையணைகள் வேண்டியிருக்கவில்லை. அவளைக் கொண்டுபோன அன்று வீட்டுக்கு நிறையப் பேர் வந்து போனார்கள். கதவுகள் திறந்து மூடியிருக்கத்தான் வேண்டும். ஒரு சத்தமும் அவர் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நல்ல வெயில் நாளில் சலுகைப் பிரிவிலிருந்து போன் வந்தது. மேடம் விடுப்பில் இருந்தார் போலிருக்கிறது. யாரோ புதுக் குரல், உற்சாகமாக இருந்தது.

"வாழ்த்துகள் சார், வண்டி ரெடி! குடும்பத்தோட வாங்க. சாவி வாங்கும்போது போட்டோ எடுத்துக் கொடுக்கிறோம்."

"சரிங்க," என்றார் காது.

வண்டியை ஓட்டிக்கொண்டு நேரே பஞ்சுவின் வீட்டுக்குப் போனார். பஞ்சு பனியனோடு வெளியே வந்து, வண்டியைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டான்.

"விரிப்பு இருக்காடா வீட்டுல?"

"எதுக்குண்ணே?"

"இருக்கா, இல்லையா?"

இருந்தது. பஞ்சு முன்கதவின் உள்பலகையைக் கழற்றினான். "எத்தனைண்ணே?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கதவின் கூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் ஒட்டினான். அவ்வளவு நேரம் பிடிக்கிற வேலையில்லை அது. உள்ளே அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது காதுக்கு நன்றாகக் கேட்டது. அவர் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தபடி நின்றார்.

அக்கா வீட்டு வாசலில் நிறுத்தும்போது தெருவில் ஒருவருமில்லை. வண்டி திரும்ப இடம் இருந்தது. தன் பக்கக் கதவைச் சத்தமில்லாமல் ஒருச்சாய்த்து வைத்துவிட்டு, சுற்றி வந்து, இடதுபக்க முன்கதவைத் திறந்தார். சீட்டின் மேல் தொழிற்சாலையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே சுருக்கமில்லாமல் இருந்தது. ஒருவர் இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சாத்தினார்.

தொப்.

வீட்டுக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நிற்கவில்லை. இந்தச் சத்தம் அடுப்படிவரை போகாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. லட்சக்கணக்கில் கதவு கேட்ட மனிதருக்கு அது தோன்றவே இல்லை. மறுபடி திறந்து சாத்தினார். இன்னும் கொஞ்சம் ஓங்கி. மறுபடி. எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. மறுபடி.

உள்ளே குழாய் நின்றது.

அக்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். வண்டிக்குள் பார்த்தாள். படியிறங்கி வந்து, மெல்லக் கேட்டாள்.

"கதவு சரியா சாத்தலை போலிருக்கே, மாப்பிள்ளை? சத்தமே ஒரு மாதிரி இருக்கே."

"இல்லைங்க," என்றார் காது. "சரியாத்தான் இருக்கு."

அக்கா அதை நம்பவில்லை. அவரை நகரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தானே கதவைத் திறந்தாள். அந்தச் சீட்டைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு சாத்தினாள். வேகமாகத்தான் தள்ளினாள், கடைசி விரல்கடைத் தூரத்தில் கையைத் தளர்த்திவிட்டாள். கதவு சாத்திக்கொண்ட பிறகும் ஈர விரல்கள் அதன் மேலேயே இருந்தன. மழைக்கு முந்தின அந்த நிறத்தில் ஒரு துளி நீர் இறங்கிக்கொண்டிருந்தது.