ஒரே இடத்தில் ஏழு வருடம்

எங்கள் தெருப் பழக்காரருக்குக் கடை கிடைக்கலாம் என்ற செய்தி, அவர் மனைவிக்கு முன்பே என் காதுக்கு வந்துவிட்டது. தள்ளுவண்டிக்காரர்களுக்கென்றே நகராட்சி கட்டிய கடைகள். ஒரே இடத்தில் ஐந்து வருடமாவது வியாபாரம் செய்ததாக நகராட்சி ஊழியர் ஒருவர் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். இன்றே கடைசி நாள்.

அவருக்குத் தெரிந்த நகராட்சி ஊழியர் ஒருவர்தான்: தினமும் பத்து மணிக்குக் கம்போடு வந்து அவரை விரட்டுகிறவர். துணி உலர்த்தும் சாக்கில் நான் மாடியில் நின்றுகொண்டேன்.

"அண்ணே, ஏழு வருஷமா என்னை இங்கதானே பாக்குறீங்க? ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

விரட்டுகிறவர் படிவத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். ஈரமில்லாதவர் இல்லை, தினமும் இரண்டு கொய்யாவை ஓசியில் தின்றவர்தான்.

"போட்டா, ஏழு வருஷமா நீ என்னய்யா கிழிச்சேன்னு என்னைக் கேப்பாங்களே! உன்னை இங்க நிக்க விடாம பாத்துக்கறதுதானே என் வேலை?"

"அப்போ யாருகிட்டண்ணே போவேன்?"

"எனக்கென்ன தெரியும்? பத்தேகால் ஆச்சு, வண்டிய எடு."

பழக்காரர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். சக்கரம் குழியில் மாட்டிக்கொண்டது. விரட்டுகிறவரே கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கை கொடுத்துத் தள்ளிவிட்டார்.