திறந்த மூட்டம்

விறகை எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். கரி வேண்டுமென்றால் அதை எரியவிடாமல் வேகவைக்க வேண்டும். அதற்குத்தான் மூட்டம் போடுகிறார்கள். சீமைக்கருவேலங் கட்டைகளை நெருக்கமாக நிறுத்தி, வைக்கோல் போர்த்தி, அதன்மேல் ஈரமண்ணைக் கனமாக அப்பி, உச்சியில் நெருப்பு வைத்து வாயை மூடிவிடுவார்கள். அடியில் சுற்றிலும் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே போகிற கொஞ்சக் காற்றில் நெருப்பு அணையவும் செய்யாது, கொழுந்துவிடவும் செய்யாது. புகை முதலில் வெள்ளையாக வரும். அது கட்டையின் ஈரம். பிறகு மஞ்சளாகும். கடைசியில் நீலமாக மெலிந்ததும் துளைகளை அடைத்துவிடலாம். அதுவரை யாராவது பக்கத்திலேயே இருந்து, மண் வெடிக்கிற இடத்தில் சேறு பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவாஞ்சலினுக்கு இதெல்லாம் நடக்கப் பழகிய நாளிலிருந்தே தெரியும். அவள் அப்பா சிலுவைமுத்து நரிக்குடிப் பக்கம் மூட்டம் போடுகிறவர். காடும் கட்டையும் வீரபாண்டியுடையவை. வீரபாண்டியின் மகன் மதன்குமாரும் இவாஞ்சலினும் திருச்சுழியில் பதினோராம் வகுப்பு படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவனை ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவாள். மூட்டத்துக்கு அவன் வந்தால் மட்டும், ‘தம்பி வாராக’ என்று அப்பா எழுந்து நிற்பார். அவளும் பேச்சைக் குறைத்துக்கொள்வாள்.

பள்ளி ஆண்டு விழாவில் காட்டுவதற்காக மதன் செல்போனில் ஒரு குறும்படம் எடுத்தான். பெரிய வீட்டுப் பையனும் கரி சுடுகிற வீட்டுப் பெண்ணும் சிநேகிதம், சுற்றியிருப்பவர்கள் பிரிக்கிறார்கள். இதுதான் கதை. அவன் பையன், அவள் பெண். வெயில் எந்தப் பக்கம் விழுந்தால் முகம் துலங்கும் என்று அவன் சொல்லித்தருவான். வசனம் எங்கே பொய்யாக இருக்கிறது என்று அவள் சொல்வாள்.

“ஏலே, கரி சுடுற பிள்ள இப்படி அழ மாட்டா. துடைக்கப் போனா கண்ணுக்குள்ள கரி போயிரும்.”

அவன் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுவான். தான் சொன்னதைக் கேட்டு ஒருவன் எழுதியதை அழிக்கிறான் என்பது அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மா பிலோமியும் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தார்கள். மூட்டத்துக்கு அவள் காவல். புகை மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. மதன் போனை அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“உள்ள தீ இருக்குன்னு எவன் நம்புவான்? கொஞ்சம் தொறந்து காட்டேன்.”

“தொறந்தா உள்ள காத்துப் போயிரும்லே.”

“ஒரே ஷாட்டு. ஒடனே மூடிருவோம்.”

அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தன் வீட்டு நெருப்பைப் பார்க்க அவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை. காற்று வரும் பக்கமாக மண்வெட்டியால் மண்ணை இழுத்தாள். முதலில் சிவப்பாகக் கங்கு தெரிந்தது. உடனே தீ சீறிக்கொண்டு வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறக்கச் சொன்னான். திறந்தாள். எடுத்து முடித்ததும் சேற்றை வாரி அப்பினாள்.

ஆனால் உள்ளே கட்டை கொழுந்துவிட்டாயிற்று. எரிந்த கட்டை சாம்பலானால் அந்த இடம் பள்ளமாகும். பள்ளத்தில் மேல்மண் இறங்கும். இறங்கும்போது இன்னோர் இடத்தில் வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியே மறுபடியும் காற்று. அப்பாவும் அம்மாவும் திரும்பியபோது மதன் போயிருந்தான், மூட்டம் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. பொழுது சாயும்வரை மூவரும் சேறு பூசினார்கள். மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பிரித்தால், நடுவில் வெறும் சாம்பல்.

வீரபாண்டி வந்து சாம்பலைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிலுவைமுத்துவிடம் திரும்பினார்.

“காவல் இருக்கச் சொன்னா தூங்கிட்டியாக்கும்.”

இவாஞ்சலின் முன்னால் வந்து, தான்தான் திறந்ததாகவும், படத்துக்காக மதன் கேட்டதாகவும் சொன்னாள். அவர் பைக்கில் இருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ இங்கிட்டு வந்தியாலே?”

மதன் பைக் சாவியைத் திருகினான். “இல்லப்பா.”

அப்பனைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறது என்று வீரபாண்டி இரக்கத்தோடுதான் சொன்னார். அடுத்த மூட்டத்தை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்தார். தூங்கிக் கெடுத்தவன் என்ற பேச்சு சிலுவைமுத்துவுக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்விட்டது. யாரும் அவரை நம்பி மூட்டத்தை ஒப்படைக்கவில்லை. கடைசியில் வீரசோழன் ஊர்ப் பக்கம் கட்டை வெட்டும் கூலியாகக் குடும்பத்தோடு போனார். மகளிடம் அவர் கோபப்படவில்லை. மண்வெட்டித் தடத்தை அன்றைக்கே பார்த்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

மதன் சில நாள் அவள் கண்ணில் படாமல் திரிந்தான். பிறகு ஒருநாள் வந்து, அப்பா முன்னால் வாய் வரவில்லை என்றான். அந்த ஷாட்டு படத்தில் அப்படியே இருக்கிறது, விழாவில் அப்பா முன்வரிசையில் உட்காருவார், பார்த்தால் அவருக்கே விளங்கிவிடும் என்றான். தன் அப்பாவின் பேரை மீட்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மிச்சக் காட்சிகளையும் நடித்துக்கொடுத்தாள்.

விழாவன்று திரையில் அவள் கை, மண்வெட்டி, தீ. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். திறக்கச் சொன்ன தன் குரலை எடுத்துவிட்டு மதன் வயலின் போட்டிருந்தான். வீரபாண்டி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். பின்னால் தெரிந்த கிணறு அவருடைய கிணறு. இத்தனை வருஷம் கரி லோடு ஏற்றியவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசிக் காட்சி அவள் இல்லாதபோது எடுத்தது. அப்பா வேஷம் போட்ட வாத்தியார் முன்னால் மதன் நிற்கிறான். “நான்தாம்ப்பா தொறக்கச் சொன்னேன். அவ மேல தப்பு இல்ல.” அவன் கண்ணில் நின்ற தண்ணீர் நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கைதட்டல் எழுந்தது. வீரபாண்டி முதலில் தட்டவில்லை. மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டினார், எல்லோரும் நிறுத்திய பிறகும்.

வெளியே அவளைக் கண்டதும் நின்றார். “நல்லா நடிச்சிருக்கத்தா” என்றார். அவள் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவர் வண்டியை நோக்கி நடந்தார்.

மதன் பின்தங்கி வந்தான். “சொல்லிட்டேன்ல, இவா?”

“படத்துல சொன்னீக.”

வீரசோழனில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா அரிவாளோடு ரோட்டோரம் நின்றிருந்தார்.

“முதலாளி பாத்தாகளா?”

“பாத்தாகப்பா.”

“என்ன சொன்னாக?”

சொன்னாள். நம்ம மூட்டம் படத்தில் எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டார்.

“நல்லா எரிஞ்சுச்சுப்பா.”

அவர் அரிவாளைக் கைமாற்றிக்கொண்டு அவள் பையை வாங்கித் தோளில் போட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாருடையதோ ஒரு மூட்டம் நீலமாகப் புகைந்துகொண்டிருந்தது. துளைகளை அடைக்கிற நேரம் வந்துவிட்டது என்று நடந்துகொண்டே மகளிடம் சொன்னார். அங்கே காவல் இருந்தவரிடம் போய்ச் சொல்லவில்லை.