நல்ல சேதி

லீவில் ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் என் கணவர் வெங்கட்ராமன் அப்பளம், நார்த்தங்காய், சுண்டைக்காய் வற்றல் என்று வெட்கமில்லாமல் கேட்பார். நிரோத் ஆணுறை மட்டும் கேட்க வாய் வராது. பஹ்ரைனில், இந்த மனாமாவில் கடைக்குப் போய்க் கேட்கவும் கூச்சம். கடைசிப் பெட்டி காலியானதும், "ஒண்ணும் ஆகாது நீலா" என்றார். ஆயிற்று.

இரண்டு பெண்களைப் பெற்று, அடுப்பும் தொட்டிலுமாகக் கிடந்துவிட்டு, அந்த எழுபத்தாறில்தான் இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். கரும்பலகை முன்னால் நிற்கும்போதுதான் நான் நானாக இருந்தேன். மூன்றாவது எனக்கு வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கலைக்க முடியுமா என்று நான் இங்கே கேட்ட டாக்டர் கையை விரித்துவிட்டார். மெட்ராஸில் சட்டப்படியே செய்கிறார்கள். என் அக்கா அங்கே நர்ஸ். நான் சீக்கிரம் போய் இறங்கினால் போதும். ஆனால் எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் எங்களுக்கு விசா எடுத்துக் கொடுத்த கபீல், யூசுபின் அலமாரியில். அவர் கம்பெனியில்தான் இவருக்கு அக்கவுண்டன்ட் வேலை.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லேன்னு சொல்லுங்கோ" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் இவர் அல்வா டப்பாவோடு வந்தார்.

"பொய் வாயில வரலே நீலா. நீ முழுகாம இருக்கே, பிரசவத்துக்கு ஊருக்குப் போகணும்னு சொன்னேன். எழுந்து வந்து கட்டிண்டார். 'மெட்ராஸ் மாஃபி, கிடையாது! பச்சா இங்கேதான், செலவெல்லாம் என்னோடது'ன்னுட்டார். குழந்தை பொறந்தப்புறம் பாஸ்போர்ட் தராராம்."

திட்டித் தீர்த்தேன். மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நானே ஆபீசுக்குப் போனேன்.

யூசுப் பதறி எழுந்து தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். ஃபேனை என் பக்கம் திருப்பினார். இந்த வெயிலில் நடக்கவிட்டாயா என்று இவரைக் கடிந்துகொண்டார். தன் மனைவிக்குத் தங்காமல் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி உடைந்த இந்தியில் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அந்த மனுஷரை வெறுக்கக்கூட முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

பிறகு முகம் மலர்ந்து இன்னொன்றும் சொன்னார். எங்கள் ஹெட்மாஸ்டர் அவருக்கு வேண்டியவராம். காலையிலேயே பேசிவிட்டாராம். நாளையிலிருந்து நான் வகுப்பில் நின்று கஷ்டப்பட வேண்டாம். வேறு டீச்சர் வருகிறாள்.

யூசுப் என் பதிலுக்காகச் சிரித்தபடி காத்திருந்தார்.

"ஷுக்ரன்" என்று நன்றி சொன்னேன்.