கைதட்டல் வாங்கிய கேள்வி

நேரமாகிவிட்டது என்று கார்த்திகேசு சார் மணிக்கட்டைத் தட்டிக் காட்டிய பிறகுதான் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. முழுதாக எழவில்லை. தோள் உயரத்துக்கு வந்து, இறங்கிவிடலாமா என்று யோசிப்பதுபோல அங்கேயே நின்றது. மேடையில் டாக்டர் கோர்டனுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நின்ற வாசுகி அதைப் பார்க்காததுபோல இருந்திருக்கலாம். ஆனால் கோர்டன் பார்த்துவிட்டார். கடைசியாக ஒன்று எடுத்துக்கொள்ளலாமே என்று ஆங்கிலத்தில் சொல்லி, அந்தக் கையை நோக்கித் தலையசைத்தார்.

மலையூரான பிரிஞ்சாங்கில் காய்கறிச் சந்தைக்கு எதிரே இருக்கிற தங்கும் விடுதியின் மாடிக் கூடம் அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான கார்த்திகேசு மூன்று வருடமாக அங்கே மாதம் ஒரு பேச்சு நடத்தி வந்தார். தவளைகளை ஆராயும் பெண்ணொருத்தி வந்து பேசியிருக்கிறாள். ஈப்போவில் சோயா சாஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர் வியாபாரத்தைப் பற்றிப் பேசினார். பினாங்கிலிருந்து வந்த நடன ஆசிரியை பேச்சை நிறுத்திவிட்டு ஆடியே காட்டினார். வழக்கமாக வருகிறவர்கள் முப்பது பேர். ஆசிரியர்கள், அலுவலக அதிகாரிகள், ஒரு பல் வைத்தியர். இந்த முறை பேச வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர், தேயிலையின் பொருளாதாரத்தைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் எழுதியவர். தேயிலையைப் பற்றிய பேச்சைத் தேயிலை பறித்தவர்களும் கேட்க வேண்டாமா என்று கார்த்திகேசுவுக்குத் தோன்றியது. பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்தார். தேயிலைத் தோட்டத்தை விட்டு வெளியேறிக் காய்கறிக் கொட்டகைகளில் வேலை செய்யும் பதினாறு பேர் அதில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காகத்தான் வாசுகி மேடையேறினாள். இடைநிலைப் பள்ளியில் பொருளாதாரம் கற்பிக்கிறாள். பீடோரிலிருந்து இந்த மலைக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம் ஆகிறது. அவளுடைய ஆங்கிலம் அருமையாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோர்டனுக்கும் அது தெரிந்துவிட்டிருந்தது. மதியச் சாப்பாட்டின்போது அவர் அவளுடைய படிப்பைப் பற்றி விசாரித்தார். முனைவர் பட்டத்துக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்றார். என் பல்கலைக்கழகத்தில் இடமிருக்கிறது, எனக்கு எழுதுங்கள், நான் பரிந்துரைக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு சாப்பிட்டது எதுவும் வாசுகிக்கு நினைவில் இல்லை. இரண்டு மணி நேரம் அவர் பேசப் பேச அவள் தமிழாக்கினாள். நன்றாகவே செய்தாள். அவர் சொன்ன நகைச்சுவைக்கு வேனில் வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். திரையில் ஒரு படம் வந்தது. கையால் கொழுந்து பறித்த காலத்தில் தரையோடு ஊர்ந்துகொண்டிருந்த ஒரு சிவப்புக் கோடு, இயந்திரம் வந்த வருடத்தில் விறுவிறுவென்று மேலே ஏறியது. ஒரு ஆள் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்து இத்தனை மடங்கு என்று கோர்டன் விரலால் அந்த ஏற்றத்தைத் தடவிக் காட்டினார்.

கை தூக்கிய பெண்மணி எழுந்து நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குளிருக்கு ஆண்கள் போடும் கறுப்பு ஜாக்கெட், அதன் கழுத்துவழியே மஞ்சள் சேலையின் கரை. தன் பெயர் வேலம்மா என்றாள். யாரோ ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கொடுக்க, அதை வாங்கிக்கொள்ளாமலே பேசினாள்.

"அந்தச் செவப்புக் கோடு ஏறுதில்ல டீச்சரு, அந்த வருசந்தான் எங்க வூட்டுக்காரரு மெசினோட சரிவுல வுழுந்தாரு. மாடசாமின்னு பேரு. மழையில வேணாம்னு இவரு சொன்னாரு, கங்காணி கேக்கல. முதுகெலும்பு போச்சு. மூணு வருசம் படுத்தே கெடந்து செத்தாரு. அந்தக் கோட்டுல அவரு எங்க இருக்காருன்னு ஐயாவ கேட்டுச் சொல்லுங்க."

முன்வரிசையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் துணை நிர்வாகி உட்கார்ந்திருந்தார்; அன்றைய தேநீரும் கேக்கும் அவர் உபயம். மறுநாள் காலை கோர்டனைத் தோட்டம் சுற்றிக்காட்ட அழைத்துப்போகிறவரும் அவர்தான். அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். கார்த்திகேசு வாசுகியைப் பார்த்தார். கோர்டன் ஆவலோடு அவள் பக்கம் காது சாய்த்தார்.

வாசுகி ஆங்கிலத்தில் சொன்னாள்: இந்த அம்மாளின் கணவர் முதன்முதலில் அந்த இயந்திரங்களை இயக்கியவர்களில் ஒருவர். இப்போது இல்லை. உங்கள் படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கணவருடைய நினைவு வந்துவிட்டது. அவரும் அந்தக் கோட்டில் இருக்கிறாரா என்று கேட்கிறார்.

ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் அதில் பொய் என்று எதுவும் இல்லை. இதை அவள் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்தாள்.

கோர்டனின் முகம் பூரித்துவிட்டது. நிச்சயமாக இருக்கிறார், அவர் ஒரு முன்னோடி, அந்த ஏற்றமே அவர்தான் என்றார். பல் தெரியச் சிரித்தபடி இரண்டு கைகளையும் உயர்த்தித் தட்ட ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒரு நொடி தயக்கம். அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். பிறகு பல் வைத்தியர் தட்டினார். ஆசிரியர்கள் தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் வேனில் வந்தவர்களும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலாக வாசுகி தமிழில், "டாக்டர் ரொம்ப வருத்தப்படுறாரும்மா. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்களாலதான் இந்தத் தொழிலே வளர்ந்துச்சுன்னு சொல்றாரு" என்றாள். வேலம்மா கோர்டனைப் பார்த்தாள், வாசுகியைப் பார்த்தாள், கைகூப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

படியிறங்கும்போது கார்த்திகேசு வாசுகியின் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், நல்லவேளை, அழகாகச் சமாளித்தீர்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. தன் பென்ஷனிலிருந்து இந்தக் கூட்டங்களை நடத்துகிறவர். அவர் பாராட்டியபோதுதான் வாசுகிக்கு முதன்முதலாகக் காதுமடல் சுட்டது. கீழே வேன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வேலம்மா ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போய் ஒரு வார்த்தை பேசலாம் என்று வாசுகி இரண்டு படி இறங்கினாள். அதற்குள் கோர்டன் யாருக்கோ அறிமுகப்படுத்த அவளைக் கூப்பிட்டார், அவள் திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் நான்காம் படிவ மாணவர்களுக்கு உற்பத்தித் திறன் பாடம். வெண்பலகையில் கோட்டை இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே வந்தவளுக்கு, ஏற வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். மை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி வேறு பேனா எடுக்கப் போனாள். ஆசிரியர் அறையில், அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால், ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருவராவது கேட்டிருந்தால், சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லோரும் அவளிடம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் அன்பாக இருந்தார்கள். அது தாங்க முடியாததாக இருந்தது.

பதினைந்தாம் நாள் காலை இடைவேளையில் கோர்டனின் மின்னஞ்சல் வந்தது. வேறு ஒரு நாட்டில் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறாராம். பேச்சை அந்த முன்னோடியின் மனைவியின் கதையோடு முடித்தாராம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் முன்னுரையாகவே அதைச் சேர்க்க விரும்புகிறார். அந்த அம்மாளின் பெயரும் ஒரு புகைப்படமும் கிடைக்குமா? கடைசியில், உங்கள் விண்ணப்பத்துக்கான பரிந்துரைக் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன் என்று ஒரு வரி.

சனிக்கிழமை வாசுகி காரை எடுத்துக்கொண்டு திரிங்காப்புக்குப் போனாள். கியா பார்ம் வளைவில் சுற்றுலாப் பேருந்துகள் வழியை அடைத்து நிற்க, அரை மணி நேரம் ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு நடுவே ஊர்ந்தாள். உண்மையைச் சொல்லத்தான் போகிறோமா, படம் எடுக்கத்தான் போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் வேலம்மாவைப் பார்க்க வேண்டும், பார்த்தபின் முடிவு செய்துகொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொண்டதும் ஒரு சமாளிப்புத்தான் என்று தெரிந்தே இருந்தது.

கொட்டகைக்கு முன்னால் லோரி பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே நாலைந்து பெண்கள் கோஸ் குவியலைச் சுற்றி முக்காலிகளில் உட்கார்ந்து, வெளியிலைகளைப் பிய்த்துப்போட்டுக் கோஸ்களைக் கூடைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேலம்மா அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்திருக்கவில்லை. "வாங்க டீச்சரு" என்றாள், வேலையை நிறுத்தாமல். வாசுகி ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். நலம் விசாரித்தாள். பிறகு, டாக்டர் கடிதம் எழுதியிருக்கிறார், உங்கள் பெயரையும் படத்தையும் கேட்கிறார் என்றாள். இது தன் வாயிலிருந்துதான் வருகிறது என்பதை அவளே கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படம் எதுக்கு டீச்சரு? மறுபடியும் சிரிக்கவா?"

மற்றப் பெண்களின் கைகள் மெதுவாயின.

"நீங்க வருத்தப்படுறாருன்னு சொல்றீங்க. அந்த ஆளு பல்லு தெரிய கைதட்டுறாரு. நா பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்லா" என்றாள் வேலம்மா. குரலில் கோபம் இல்லை. அவள் தலை குனிந்திருந்தது. அன்று வேனில் திரும்பி வரும்போது யாரும் தன்னோடு பேசவில்லை என்றாள். மறுநாள் கொட்டகையில் ஒருத்தி, கைதட்டு வாங்குனியே, என்னா ஜோக்கு சொன்ன என்று கேட்டாளாம். செத்த மனிதரைப் பெரிய சபையில் இழுத்துப்போட்டுச் சிரிப்பாகப் பண்ணிவிட்டோம் என்று அன்றிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லையாம். இரண்டு வெள்ளிக்கிழமையாகக் கோயிலுக்கும் போகவில்லை. "படிக்காதவ எதுக்கு எந்திரிச்சு நிக்கணும். நாந்தான் என்னமோ தப்பாக் கேட்டுட்டேன்."

வாசுகி இத்தனை நாளும் தன் அவமானத்தைத் தனக்கே உரியதுபோலச் சுமந்துகொண்டு திரிந்தவள். அதில் பெரும்பங்கு இந்த முக்காலியில் உட்கார்ந்து கோஸ் பிய்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"நீங்க தப்பா கேக்கலம்மா" என்றாள். "அவருக்கு நீங்க கேட்டதே தெரியாது. விழுந்தாரு, படுத்திருந்தாரு, அதெல்லாம் நான் சொல்லல. மெசின் ஓட்டுனாருன்னு மட்டும் சொன்னேன். அதுக்குத்தான் அவர் கைதட்டுனாரு."

வேலம்மா நிமிர்ந்தாள்.

"அப்ப அவரு அதுக்குச் சிரிக்கலையா?"

"இல்லம்மா."

அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்குவதை வாசுகி பார்த்தாள். அது நிம்மதிதான். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள், இந்த நிம்மதியை எதிரே உட்கார்ந்து பார்ப்பதுதான் முடியவில்லை. வேலம்மா ஒரு கோஸை எடுத்து, பிய்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அன்று முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தமிழர்கள்தானே, அவர்களுக்குக் கேட்டிருக்குமே என்றாள். கேட்டது என்றாள் வாசுகி.

"ஏன் டீச்சரு சொல்லல?"

சொல்லிக்கொள்ளக் காரணங்கள் இருந்தன. நேரமாகிவிட்டது, துணை நிர்வாகி உட்கார்ந்திருந்தார், கார்த்திகேசு சார் அப்படிப் பார்த்தார், வந்த விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது. வரும் வழியில் ஒவ்வொன்றையும் அவள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"டாக்டர் என்னைப் பத்தி நல்லதா நெனைக்கணும்னு" என்றாள்.

வெளியே முதலாளி தவுக்கேயின் ஆள் வந்து எத்தனை கூடை முடிந்தது என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனான். வேலம்மா ஜாக்கெட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த டாக்டரின் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றதும், "அப்ப இப்ப சொல்லுங்க. நா சொல்றேன், நீங்க அப்டியே சொல்லுங்க" என்றாள்.

வாசுகி கைப்பேசியில் குரல்பதிவை அழுத்தினாள். வேலம்மா முதலில் கணவருடைய பெயரைச் சொன்னாள், அப்பா பெயரோடு. எந்த மலை, தொழிலாளர் லயத்தில் எத்தனையாம் நம்பர் வீடு, மழை எந்த நேரத்தில் பிடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தினாள். வாசுகி ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். கங்காணி கேட்கவில்லை என்ற இடத்தில் அவளுடைய நாக்கு பழக்கத்தில் வழுக்கி, போக வேண்டியதாயிற்று என்கிற மாதிரி ஒரு வாக்கியத்துக்குப் போகப் பார்த்தது. தயங்கினாள்.

"அங்க ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் வேலம்மா.

வாசுகி திருத்திச் சொன்னாள். விழுந்ததைச் சொன்னாள். மூன்று வருடம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்ததை, படுக்கைப் புண்ணை, கடைசியில் அவர் எடை எவ்வளவு குறைந்திருந்தது என்பதைச் சொன்னாள். வேலம்மா தான் கேட்ட கேள்வியை அன்று கேட்ட அதே வார்த்தைகளில் மறுபடி கேட்டாள். வாசுகி அதையும் சொன்னாள். ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னக் கேள்வியாக இருந்தது.

"எனக்கு அவ்ளோதான்" என்றாள் வேலம்மா. "இனி ஒங்களுது இருந்தா சொல்லுங்க."

மடியிலிருந்த கோஸை எடுத்துத் திருப்பி, வெளியிலையைப் பிடித்து இழுத்தாள். மற்றப் பெண்களும் வேலைக்குத் திரும்பினார்கள். வாசுகி கைப்பேசியை வாயருகில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன. வெளியிலைகள் நறுக்நறுக்கென்று ஒடிந்து சிமெண்டுத் தரையில் விழும் சத்தம் மட்டும் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது.