ஏணிப் பக்கம் திரும்பாதவன்

படகின் பின்பக்க ஏணி ஐந்து முறை கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திசைகாட்டி ஊசியை முறைத்தபடி காதாலேயே எண்ணிக்கொண்டேன். திமிங்கிலம் பார்க்கக் கடைசி முறையாகத் தண்ணீரில் இறங்கியவர்கள் நான்கு வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு வழிகாட்ட என் அக்கா கலோலைனே. ஆக ஐந்து. கணக்குச் சரியென்று எஞ்சினை முடுக்கி நெயாஃபு துறைமுகத்தைப் பார்த்துத் திருப்பினேன். தென்கிழக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குமேல் அந்தப் பக்கத்துக் கடலோடு வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது.

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பான். உடம்போடு ஒட்டிய நனைந்த உடையில் கூடப்பிறந்தவள் ஏணி ஏறுகிறாள். எங்கள் தீவு வழக்கத்தில் தம்பிக்காரன் அதைப் பார்ப்பானா? பன்னிரண்டு வயதில் என்னைப் பெரியப்பா வீட்டில் படுக்க அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் இருக்கும் அறையில் நான் படுத்ததில்லை, அவள் எதிரில் கால் நீட்டியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. என் பிள்ளைகளின் கல்யாணத்திலும் சரி, சாவிலும் சரி, சீராக வைக்கும் பாய்களில் முதல் பாய் அவளுக்குத்தான் போகும். அப்படிப்பட்டவளை என் படகில் வேலைக்கு ஏற்றியதே தப்பு. வழக்கமாக வரும் வழிகாட்டி ஃபெலெத்திக்குக் காதில் சீழ். எட்டுப் பயணிகளைத் திருப்பியனுப்ப முதலாளியம்மாவுக்கு மனசில்லை. வேறு படகில் வேலை செய்யும் அக்காவுக்கு அன்று விடுமுறை. "ஒரு நாள்தானே" என்று அவள் சொன்னதாக என் மனைவிதான் வந்து சொன்னாள். எங்களுக்குள் பேச்சே அப்படி ஆள் வைத்துத்தான்.

காலையிலிருந்து ஒவ்வொரு நீச்சல் முடிந்ததும் அக்கா படகின் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் இடப்பக்கமாக நடந்தால் நான் வலப்பக்கம் பார்ப்பேன். பயணிகள் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

கால் மணி நேரம் ஓடியிருப்போம். ஆக்லாந்திலிருந்து வந்த டென்னிஸ், வயிற்றைப் படகு விளிம்பில் சாத்தியபடி என்னிடம் நகர்ந்து வந்தார். அவருக்குப் பின்னால், அவரோடு கடைசி நீச்சலுக்குப் போயிருந்த டில்லி என்ற சின்னப் பெண், துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"கேப்டன், உங்க அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். இந்தப் பொண்ணு ஏதோ கேக்கணுமாம்."

"உள்ளதான் இருக்காங்க. நீங்களே கதவத் தட்டுங்க."

அவர் தட்டினார். பிறகு திறந்தார். மூடியிருந்த அந்தக் கதவு திறந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"உள்ள யாருமில்லயே."

நான் அப்போதுதான் திரும்பினேன். அன்று முழுக்க முதல் தடவையாகப் படகை முழுதாகப் பார்த்தேன். எட்டுத் தலைகள். திரும்ப எண்ணினேன், எட்டுதான். அக்காவோடு ஒன்பது இருக்க வேண்டும். டில்லி வீறிட்டு அழ ஆரம்பித்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று அந்த அழுகையில் ஒன்றும் புரியவில்லை.

"ஏணி அஞ்சு தடவ சத்தம் போட்டுச்சே!" என்று கத்தினேன், ஏணி பொய் சொல்லிவிட்டது மாதிரி.

டென்னிஸ் முகம் வெளுத்தது. "நான் ரெண்டு தடவ ஏறினேன், கேப்டன். மூக்கு ஒழுகி அசிங்கமா இருந்துச்சு. கழுவ மறுபடி தண்ணிக்குள்ள குதிச்சேன்."

படகை வெடுக்கென்று திருப்பியதில் அலையைப் பக்கவாட்டில் வாங்கி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ரேடியோவை எடுத்து, வழிகாட்டி ஒருவர் தண்ணீரில் விடுபட்டுவிட்டார் என்றேன்.

"யாரு, ஃபெலெத்தியா?" பக்கத்துப் படகுக்காரன் சிரித்தான். "விடுடா, அவன் மெதப்பான், கட்ட மாதிரி."

"எங்க அக்கா."

"வரேன். இடத்தச் சொல்லு" என்றான். அந்தக் குரலில் சிரிப்பு இல்லாததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஜிபிஎஸ் கருவி நாங்கள் கிளம்பிய புள்ளியைக் காட்டியது. புள்ளி அப்படியே நிற்கும், தண்ணீர் நிற்குமா? போக வரக் கால் கால் மணி. அரை மணியில் நீரோட்டம் அவளைப் பவழத்திட்டுப் பக்கம் இழுத்திருக்கலாம், வெட்டவெளிக் கடலுக்குத் தள்ளியிருக்கலாம். கன்றோடு திமிங்கிலம் திரியும் இடத்தில் சுறாவும் திரியும். நினைக்காதே என்றால் மனசு அதையேதான் நினைத்தது. ஞாயிறு தவறாமல் கோயிலில் பாடுகிற எனக்கு ஒரு ஜெபம்கூட முழுசாக வரவில்லை. "கர்த்தாவே, கர்த்தாவே" என்பதோடு நின்றுபோனது.

புள்ளிக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தினேன். எட்டுப் பேரும் எட்டுத் திக்கைப் பார்த்தார்கள். வெயில் சாய்ந்து, ஒவ்வொரு அலையின் முதுகும் தலை மாதிரி கறுத்துத் தெரிந்தது. எங்கோ புஸ்ஸென்று மூச்சுச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பாய்ந்து பார்த்தேன். திமிங்கிலம். மறுபடி புஸ்ஸென்றது. மறுபடியும் அதுதான். நான் வாயில் கை குவித்துக் கூப்பிட முயன்றேன். அவளைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு எத்தனை வருஷம்! முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, பதினொரு வயதுப் பையன் கத்துகிற மாதிரி உடைந்து வந்தது.

"அக்கா! அக்கோவ்!"

நீரோட்டத்தோடு நகர்ந்து நகர்ந்து, நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டென்னிஸ்தான் கூரைமேல் ஏறி நின்று, "அங்க! மஞ்சளா ஏதோ!" என்று அலறினார்.

மஞ்சள் நிறமாக ஒன்று அலைக்கு மேலே எழும்பி விழுந்தது. கிட்டே போனதும் தெரிந்தது, காலில் மாட்டும் சின்ன ரப்பர் துடுப்பு, பிள்ளைகள் அளவு. அதைத் தூக்கிப் பிடித்திருந்த கை அக்காவுடையது.

"அது என்னோடது," என்று டில்லி விசும்பினாள். "கழண்டு போச்சு. நீ ஏறு, நான் எடுத்துட்டு வரேன்னாங்க."

ஏணி அவளுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. ஏற அவளுக்குப் பலமில்லை. டென்னிஸ் கீழே இறங்கக் கிளம்பினார். நான் அவரைத் தள்ளிவிட்டு இறங்கினேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அக்குளுக்குள் கை கொடுத்து, அவள் முகம் என் தோளில் இடிக்க, படி படியாக இழுத்து ஏற்றினேன். அவள் உடம்பு ஐஸாக இருந்தது. உதடு நீலம். இருந்த துண்டையெல்லாம் அவள்மேல் போட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"நாலு படகு போச்சு," என்றாள் பல் கிட்டிக்க. "நாலும் என்னைப் பாக்கல. உன் படகு போனப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியவில்லை.

டில்லியின் அம்மா துடுப்பை வாங்கப் பார்த்தாள். வரவில்லை. அக்காவின் விரல்கள் அதைச் சுற்றி இறுகிப்போயிருந்தன. "விட்டுருங்க, பரவால்ல, விட்டுருங்க," என்று அந்த அம்மா கெஞ்சினாள். அக்கா தன் கையையே யாரோ ஒருத்தியின் கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் எதிரில் மண்டியிட்டேன். படகு யாரும் ஓட்டாமல் அலையில் ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.